வரிசை எண் 17

நிதிக்குழுவின் படிவம் கேட்கிறது:
வெளியான கட்டுரைகளில் முக்கியமான ஐந்து மட்டும்.
என்னிடம் முப்பத்தெட்டு.
இரண்டு, இன்று படித்தால் எனக்கே புரியாதவை.
ஒன்பதாவதில் வரைபடத்தின் அச்சு தலைகீழாகப் போய்
திருத்தம் வெளியிட்டோம்.
கட்டுரையைப் படித்தவர்கள் அறுபது பேர்,
திருத்தத்தைப் படித்தவர்கள் நாங்கள் மூவர்.

பதினேழில் வந்து நிற்கிறது விரல்.

எலியின் ஹிப்போகேம்பஸ்.
அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய சீவல்,
ஊறிய அவல் ஒன்று, நிறமும் அதேதான்.
எலி போனது அதற்குத் தெரியாது.
ஆக்சிஜன் குமிழும் உப்புநீரின் வெதுவெதுப்பில்
தட்டினால் பதில் சொல்லும்.
ஓங்கித் தட்டினால்
தட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளும்.
அல்சைமர் எலியின் சீவலோ
ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிடும்.
நாங்கள் ஒரு மூலக்கூறைச் சேர்த்தோம்.
ஆறு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தது.
விடியற்காலை நான்குக்கு, புவன விஸ்தாவில்,
ஹுய் லிங்கும் நானும்
கோடு கீழே இறங்காததைப் பார்த்தபடி
ஒரு பொட்டலம் கிரீம் கிராக்கர் தின்று தீர்த்தோம்.
அவ்வளவுதான் பதினேழு.

ஆங்கிலத்தில் அதற்குப் பிளாஸ்டிசிட்டி.
தமிழ் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் எழுதினார்கள்:
அல்சைமர் மூளைக்கு ஆறு மணி நேரம்
நெகிழ்ச்சி திரும்பியது.
பிழையில்லை. அகராதியில் இருக்கும் சொல்.

திங்கட்கிழமை தொலைபேசி.
பக்கிரிசாமி, புக்கிட் பாஞ்சாங்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம்.
"நெகிழ்ச்சி திரும்புதாமே, டாக்டர்?"

அது எலி என்றேன்.
எலிகூட இல்லை, எலியின் ஒரு சீவல்.

"பரவாயில்லம்மா. ஆறு மணி நேரம் போதும்."

எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு சண்டை பாக்கியிருக்கு.
தொண்ணூத்தாறுல ஆரம்பிச்சது.
அவ தம்பிக்கு நான் ஜாமீன் போடல.
அவ சொன்னதுதான் சரி.
அத நான் ஒத்துக்கிறதுக்குள்ள
அவளுக்குத் தம்பி இருந்ததே மறந்துபோச்சு."

என் மேசையில் ஆறிக்கொண்டிருந்த கோப்பி ஓ,
கட்டைவிரலில் கிழிந்த நீலக் கையுறை,
யாரோ வெளியே டிரில் போட்ட சத்தம்.
எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன.
பலத்த அடி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள்
பக்கத்தில் கிடந்த அற்பங்களும்
அதன் செலவில் ஒட்டிக்கொள்ளும் என்று
இருபத்தொன்றாவது கட்டுரையில்
நானேதான் எழுதியிருக்கிறேன்,
எட்டுப் படங்களோடு.

வைக்கப் போனவர் மறுபடி பேசினார்.
"இப்பல்லாம் தையல்நாயகி ஜன்னலாண்ட நின்னுக்கிட்டு
போற ரயிலுக்கெல்லாம் கையாட்டுறா.
உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாதுடீன்னா
கேக்கிறதில்ல."

தெரியாதுதான்.
அந்தச் சின்ன ரயில் வீடுகளை நெருங்கினால்
கண்ணாடி தானாகப் பாலாய் மங்கிவிடும்,
அடுத்தவர் கூடத்துக்குள் நம் கண் போகாதிருக்க.
கடந்ததும் தெளியும்:
கார் நிறுத்துமிடம், மழைமரம், மேம்பாலம்.

இருபத்துமூன்றாவதின் நன்றிப் பகுதியில்
அவர் பெயரைச் சேர்த்தேன்.
நிதி கொடுத்தவரா என்றாள் ஹுய் லிங்.
இல்லை என்றேன்.
அவள் மேலே கேட்கவில்லை,
முற்றுப்புள்ளியை மட்டும் சரிசெய்தாள்.

மேற்கோள் கணக்கில் பதினேழுக்குப் பதினோராம் இடம்.
படிவத்தில் நான்கை நிரப்பிவிட்டேன்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சில சனிக்கிழமைகளில்
சுவா சூ காங்கிலிருந்து அந்த ரயிலில் ஏறி
வட்டம் முழுக்கச் சுற்றிவருகிறேன்.
எந்த பிளாக் என்று அன்று கேட்டுக்கொள்ளவில்லை.
அதனால் கண்ணாடி மங்கும்போதெல்லாம்
கையை உயர்த்த வேண்டியிருக்கிறது.
எதிரே உட்கார்ந்த பள்ளிப் பையன்
என்னைப் பார்த்தான்,
வெள்ளையாய்ப் போன ஜன்னலைப் பார்த்தான்,
கைப்பேசிக்குத் திரும்பிவிட்டான்.